சாட்சியா, சான்றுப்பொருளா?

‘எந்திரன்’ படத்தை எத்தனை தடவை பார்த்தோம் என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டோம். 2010 அக்டோபரில் தியேட்டரில் ஒரு தடவை, அதற்குப் பிறகு பண்டிகைக்குப் பண்டிகை டிவியில். இருந்தாலும் அதில் ஒரு நீதிமன்றக் காட்சி வருகிறது என்று சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள். ரயில் சண்டை ஞாபகம் இருக்கும். நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாய், பாம்பாய் உருண்டு திரண்டது ஞாபகம் இருக்கும். கடைசியில் சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்வது கண்டிப்பாக ஞாபகம் இருக்கும். அந்தக் கழற்றலுக்கு உத்தரவு போட்டதே ஒரு நீதிமன்றம்தான். அந்த இடம் மட்டும் நம் மண்டையில் தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்று யோசிக்கப்போய் எழுதியதுதான் இது.

காட்சி இப்படிப் போகிறது. சிட்டியை உருவாக்கிய குற்றத்துக்காக வசீகரனுக்கு மரண தண்டனை விதிக்கிறார்கள். அப்போது சிட்டி பேசுகிறது. தனக்குள் சிவப்புச் சில்லைப் பொருத்தியவர் போரா என்று சொல்லி, தன் நினைவில் பதிந்திருந்த காணொளியையே நீதிமன்றத்தில் ஓட்டிக் காட்டுகிறது. வசீகரனுக்கு விடுதலை. சிட்டியைப் பிரித்துப் போட உத்தரவு.

தண்டனை சொன்ன பிறகு சாட்சியமா என்று வழக்கறிஞர் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அது சின்ன விஷயம். என்னை உறுத்துவது வேறு. சிட்டி அந்த அறையில் யார்? பேசியதால் சாட்சியா? காணொளி அதற்குள் இருந்ததால் சான்றுப்பொருளா? இத்தனை கொலைகளைச் செய்ததால் குற்றவாளியா? நீதிமன்றம் சிட்டியின் வாயிலிருந்து வந்ததை நம்பி ஒரு மனிதரை விடுவிக்கிறது. அடுத்த நிமிடமே அதே சிட்டியைப் பறிமுதல் செய்த கத்தியைப் போல அழிக்கச் சொல்கிறது. நடுவில் ஒரு கேள்வி இல்லை, ஒரு வாதம் இல்லை. சிட்டிக்கென்று ஒரு வக்கீலும் இல்லை.

இந்த இடத்தில் சட்டம் கதையை விடச் சுவாரஸ்யமானது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. பிரிவு எண்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான். இந்தியா 2024 ஜூலையில் தன் பழைய சட்டத்தை மாற்றிவிட்டது. நாம் இன்னும் நம்முடையதை வைத்திருக்கிறோம். இரண்டிலும் 118ஆம் பிரிவுதான் யார் சாட்சி சொல்லலாம் என்று சொல்கிறது. கேட்ட கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்ல முடிகிற எந்த ஆளும் சாட்சி சொல்லலாம். சின்னப் பிள்ளையானாலும், தள்ளாத வயதானாலும், நோயாளியானாலும் கேள்வி புரிகிறதா என்பதுதான் அளவுகோல். சிட்டிக்குக் கேள்வி நம்மைவிட நன்றாகவே புரியும். அது தடுக்கி விழுவது ‘ஆள்’ என்ற சொல்லில். சரி, ஆள் இல்லை, வெறும் கணினிதான் என்று வைத்துக்கொண்டால் அதிலிருந்து எடுத்த பதிவுக்குப் பொதுவாக, அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். கையெழுத்துப் போடவேண்டியவரோ குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். இந்தச் சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கலாம். படத்துக்கு அவசரம்.

கணேஷையும் வசந்தையும் படைத்த அதே சுஜாதாதான் ஜீனோவையும் படைத்தார். இந்தப் படத்தின் வசனத்திலும் அவர் பங்கு இருந்தது. வக்கீலையும் எந்திர நாயையும் ஒரே கையால் எழுதியவர் அவரைத் தவிரத் தமிழில் யார்? படப்பிடிப்பு தொடங்கிய 2008 பிப்ரவரியிலேயே அவர் போய்விட்டார். அவர் இருந்து, வசந்த் அந்த நீதிமன்றத்துக்குள் நுழைந்திருந்தால் என்ன கேட்டிருப்பான் என்று நினைத்துப் பார்ப்பது எனக்கொரு பொழுதுபோக்கு.

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் இரண்டாம் பருவத்தில், 1989இல் வந்த ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ இதே கேள்வியை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட அத்தியாயம். எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வழக்கறிஞராக இருந்தவர். டேட்டா என்ற ஆண்ட்ராய்டு அதிகாரியைப் பிரித்து ஆராய வேண்டும் என்கிறார் விஞ்ஞானி மேடக்ஸ். டேட்டா மறுக்கிறான், வேலையை ராஜினாமா செய்கிறான். இயந்திரம் எப்படி ராஜினாமா செய்யும் என்பதுதான் வழக்கு.

நடைமுறையாகப் பார்த்தால் இதுவும் ஓட்டைதான். புதிதாகத் திறந்த அலுவலகம், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி டேட்டாவின் நண்பன் ரைக்கரையே அவனுக்கு எதிராக வாதாட வைக்கிறார்கள். டேட்டாவுக்காக வாதாடுவது கப்பல் தலைவர் பிக்கார்ட். நீதிபதி லுவாவோ ஒரு காலத்தில் இதே பிக்கார்டின் மீது வழக்கு நடத்தியவர். இருவருக்கும் பழைய கதை வேறு இருக்கிறது. நம் ஊரில் இப்படி ஒரு விசாரணை நடந்தால் மறுநாளே மேல்முறையீடு பறக்கும்.

ஆனாலும் அந்த அறையை நான் நம்புகிறேன். ரைக்கர் எழுந்து போய் டேட்டாவின் கையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறானே, அந்த இடத்தில் நம்பத் தொடங்குகிறேன். அதற்குப் பிறகு டேட்டாவின் விசையை அணைத்துவிடுகிறான். நண்பனை ஒரு பொருளாகக் காட்டவேண்டிய வேலையை நண்பனே செய்கிறான், அதுவும் மிக நன்றாகச் செய்கிறான். வாதத்தைவிடப் பொருள் பெரிதாகப் பேசும் இந்தத் தருணம் நமக்குப் புதியதில்லை. பாண்டியன் அவையில் கண்ணகி என்ன செய்தாள்? பேசிக்கொண்டே இருக்காமல் சிலம்பை உடைத்தாள். உள்ளே முத்தா மாணிக்கமா என்பதுதான் வழக்கு, தெறித்தது மாணிக்கம். தமிழ் இலக்கியத்தின் முதல் பெரிய நீதிமன்றக் காட்சி ஒரு தடயப் பரிசோதனையில் முடிகிறது. ஆனால் கோவலன் செத்த பிறகு நடக்கிற விசாரணை அது. தமிழ் மனம் நீதிமன்றத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தாமதமும் கூடவே வருகிறது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நமக்கு வந்த நீதிமன்றம் 1952இன் ‘பராசக்தி’. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் பேசுவான், நாடே கேட்கும். நீதிபதிக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதன் தாக்கம் நம் மேடைப் பேச்சுப் போட்டிகள்வரை நீள்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு மரபு கையில் இருக்கும்போது, புத்தகத்தை ஒரு புரட்டில் உள்வாங்குகிற சிட்டி, தனக்காக ஒரு வார்த்தை பேசாமல் ‘சரி’ என்று கழன்றுகொள்கிறது. கழற்றிக்கொள்ளும் காட்சி அழ வைக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது தியாகத்துக்கான அழுகை. டேட்டா ‘மாட்டேன்’ என்கிறான், சிட்டி ‘சரி’ என்கிறது. ‘மாட்டேன்’ என்று ஒருவர் சொன்னால்தான் நீதிமன்றத்துக்கு வேலை வரும். ‘எந்திரன்’ காட்சி மறந்துபோனதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

லுவாவின் தீர்ப்புக்கு வருகிறேன். டேட்டாவுக்கு ஆன்மா இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அது தனக்கும் தெரியாது என்கிறார். பிரித்துப் போடச் சம்மதிப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை டேட்டாவுக்கு உண்டு. அவ்வளவுதான், அதோடு எழுந்துவிடுகிறார். பிக்கார்ட் அடிமை முறை, ஒரு புதிய இனத்தின் எதிர்காலம் என்று வானளாவப் பேசுகிறார். நீதிபதியோ கையகல விடை ஒன்றைத் தருகிறார். நிஜ நீதிமன்றங்களை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த அளவு பழக்கமானது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம் இந்திரா காந்தி வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தாய்க்குத் தெரியாமல் ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்றது. 2009இல் தொடங்கிய பிரச்சினை அது. தீர்ப்பு கிடைத்தது. கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கிச் செல்லப்பட்ட மகள் அன்றைக்கும் தாயின் கைக்கு வரவில்லை. அறிபுனைத் தொடர் எதுவும் இப்படி முடிய எழுத்தாளர்கள் விடமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தத் தொடர்கள் எல்லாவற்றையும் என்னால் நம்ப முடிவதில்லை. மொழிபெயர்ப்பாளர் எங்கே?

ஸ்டார் ட்ரெக் உலகில் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. எந்தக் கிரகத்துக்காரர் எந்த மொழியில் பேசினாலும் எல்லாருக்கும் புரியும். கதை சொல்ல அது வசதி. ஆனால் ஜொகூரில் ஒரு கீழ்நீதிமன்றத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால், விசாரணை என்பதே பெருமளவு மொழிபெயர்ப்புதான் என்று தெரியும். மலாயில் எழுதிய குற்றச்சாட்டை மொழிபெயர்ப்பாளர் வாசிப்பார். புரியுதா என்பார். ஒப்புக்கிறீங்களா, விசாரணை கேக்குறீங்களா என்பார். தமிழ் மட்டுமே சரளமாக வருகிற ஆள் கூண்டில் நின்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் பக்கத்து அறையில் வேறொரு கேஸை முடித்துவிட்டு வரும்வரை எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்த்த ஒரு காலையில் கூண்டில் நின்ற இளைஞன் நீளமாக ஏதோ சொன்னான். அம்மா ஆஸ்பத்திரி, முதலாளி சம்பளம் தரவில்லை, லைசென்ஸ் முடிந்துபோனது என்று நான்கைந்து வாக்கியம். மலாயில் போய்ச் சேர்ந்தது ஒரே வாக்கியம்: குறைந்த அபராதம் கேட்கிறார். தப்பென்று சொல்ல முடியாது. சட்டத்துக்குத் தேவையானது அந்த ஒரு வாக்கியம்தான். மிச்ச நாலு வாக்கியம் எங்கே போயிற்று என்று எழுத யாராவது ஒரு அறிபுனைத் தொடர் எடுத்தால் முதல் ஆளாகப் பார்ப்பேன். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கும் அந்தக் கருவி அன்று அங்கே இருந்தால் அபராதம் குறைந்திருக்குமா, கூடியிருக்குமா?

இன்னொன்று, ஒத்திவைப்பு. நம் நீதிமன்றக் காலை என்பது பெரும்பாலும் பெயரைக் கூப்பிட்டு, எழுந்து நின்று, இன்னொரு தேதியை வாங்கிக்கொண்டு போவது. டிவியில் எந்த நீதிபதியும் டைரியைப் புரட்டி அடுத்த மாதம் வா என்று சொல்வதில்லை. சொன்னால் பார்ப்பவர் சேனலை மாற்றிவிடுவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சுருக்குவது கலையின் உரிமை. ஜூரிக்கும் இதே கதைதான். மலேசியாவில் 1995 ஜனவரியோடு ஜூரி முறை ஒழிந்தது. என் வயதுக்காரர்கள் ஜூரியைப் பார்த்ததெல்லாம் திரையில்தான். நமக்கு ஜூரியே ஒரு அறிபுனை!

சுருக்குவதை மன்னிக்கலாம். சந்தேகத்தின் சுமையை யார் தலையில் வைப்பது என்பதை மட்டும் ஒரு காட்சி மழுப்பக் கூடாது. பிக்கார்ட் ஜெயித்ததற்குக் காரணம் அவர் பேச்சு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிவு, தன்னுணர்வு, பிரக்ஞை ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஆள் என்கிறார் மேடக்ஸ். முதல் இரண்டும் டேட்டாவுக்கு இருப்பதாகக் காட்டிவிட்டு, மூன்றாவது இல்லை என்று உன்னால் சொல்ல முடியுமா என்று அவரையே மடக்குகிறார் பிக்கார்ட். அழிக்க நினைப்பவன்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாத மிச்சம் டேட்டாவின் கணக்கில் சேருகிறது.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார். 2010இல் மரண தண்டனை. அவருடைய அறிவுத்திறன் ஈவு 69 என்று மதிப்பிடப்பட்டது. 2013இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, போதைப்பொருளைச் சுமந்து வந்தவர் மட்டும்தான் என்றால், மனநலக் குறைபாடு அவரது பொறுப்பைப் பெருமளவு பாதித்தது என்று காட்டினால் தூக்கிலிருந்து தப்பலாம். காட்டவேண்டியவர் யார்? குற்றம் சாட்டப்பட்டவர். மருத்துவ நிபுணர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன.

இரண்டு வழக்கிலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: உள்ளே ஒரு மனம் இருக்கிறதே, அதை எப்படி அளப்பது? எந்திரத்துக்கு அளவு கூடிப்போயிற்று, இவருக்குக் குறைந்துபோயிற்று. எந்திரத்துக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்தது. 2022 ஏப்ரல் 26 அன்று கடைசி மனுவும் தள்ளுபடியான பிறகு, நாகேந்திரனும் குடும்பத்தாரும் கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாகக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் ‘மா’ என்று கதறியது நீதிமன்ற அறைக்கே கேட்டதாகச் செய்திகள் வந்தன. அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது. மறுநாள் விடியலில் தூக்கு. மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியது.

இதைப் படித்த பிறகு ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ பொய்யாகத் தெரிகிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. முன்னைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. சுமையை மாற்றி வைத்தால் தீர்ப்பும் மாறும் என்பதை அது நடத்திக் காட்டுகிறது. எந்த நாட்டுச் சட்டக் கல்லூரியிலும் போட்டுக் காட்டலாம்.

நம்பகத்தன்மைக்கு நேர் எதிர்த் திசையில் போய் ஜெயித்த அத்தியாயமும் ஒன்று உண்டு. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1994இல் வந்த ‘ட்ரிபியூனல்’. கார்டாசியர்களின் ஊரில் தீர்ப்பை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்குவார்கள். எதிர்தரப்பு வக்கீலின் வேலை, அரசாங்கம் சொல்வது சரிதான் என்று கட்சிக்காரர் மனமார உணர உதவுவது. மக்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக விசாரணை ஒளிபரப்பாகும். எனக்குத் தெரிந்த ஒரு மாமா இதைப் பார்த்துவிட்டு, “பரவால்லையே, கோர்ட்டுக்காவது கொண்டு வர்றாங்களே” என்றார். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுண்டிங்குக்கு அனுப்பியதை ஞாபகம் வைத்திருப்பவர் அவர். விசாரணையே இல்லாத இடத்தில் நீதிமன்றக் காட்சிக்கு எங்கே போவது? அந்தச் சட்டம் 2012இல் போனது, சொஸ்மா வந்தது.

‘பேட்டில்ஸ்டார் காலக்டிகா’வின் பால்டர் விசாரணையை (2007) இங்கே பலர் கொண்டாடுவார்கள். நான் அந்தக் கூட்டத்தில் பாதிதான். ஐந்து நீதிபதிகளில் ஒருவர் அட்மிரல் அடாமா, எதிர்தரப்பு மேசையில் அவர் மகன் லீ. பிறகு லீயே சாட்சிக் கூண்டேறி ஒரு பிரசங்கம் செய்ய, மூன்றுக்கு இரண்டு என்று விடுதலை. ‘பராசக்தி’யின் வெள்ளைக்காரத் தம்பி என்றுதான் முதலில் தோன்றியது. மனித இனமே சில பத்தாயிரம் பேராகச் சுருங்கிப்போன கப்பல் கூட்டத்தில் உறவில்லாத நீதிபதிக்கு எங்கே போவது என்று பிறகு பட்டது. அந்தக் காலத் தோட்டத்திலும் அப்படித்தானே. துரை வழக்கு வைப்பார், துரையே தீர்ப்பும் சொல்வார், கங்காணி சாட்சி.

தோட்டம் என்றதும் ‘வாயேஜர்’ தொடரில் 2001இல் வந்த ‘ஆத்தர், ஆத்தர்’ நினைவுக்கு வருகிறது. ஒளியால் ஆன மருத்துவர் ஒரு நாவல் எழுதுகிறார். நீ ஆளே இல்லை, உனக்கு ஏது உரிமை என்று சொல்லிப் பதிப்பாளர் அவர் அனுமதி இல்லாமலே வெளியிட்டுவிடுகிறார். வழக்கைக் கேட்ட நடுவர் சொல்கிறார்: இவர் ஆள்தானா என்று நான் தீர்ப்புச் சொல்லத் தயாராக இல்லை, ஆனால் கலைஞர், அதனால் படைப்பின் மேல் உரிமை உண்டு. மறுபடியும் கையகல விடை. எந்த அறிபுனை நீதிமன்றமும் இதைவிட உண்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு சுரங்கம். மருத்துவரைப் போலவே முகம் கொண்ட பழைய மாடல்கள் வரிசையாக நின்று பாறையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காக யாரும் வழக்குப் போடவில்லை. ஒன்று பக்கத்தில் இருப்பதிடம் குனிந்து, அடுத்த தடவை பரிசோதனைக்குப் போகும்போது அந்த நாவலைக் கேட்டு வாங்கிப் பார் என்கிறது.